ஓர் உடல், இரு அளவீடுகள்: மருத்துவ ஆய்வுகளில் இணைத் தரவுச் சோதனையின் வரலாறும் ஆரணி நெசவாளர் நல ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே மனிதரின் இரு கண்கள், இரு கைகள், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட அளவுகள் ஆகியன ஒன்றையொன்று சார்ந்த தரவுகளாகும். இவற்றைத் தனித்தனித் தரவுகளாக எண்ணிச் சோதிப்பது சில வேளைகளில் உண்மையான வேறுபாட்டை மறைக்கிறது. வேறு சில வேளைகளில் இல்லாத உறுதியைத் தோற்றுவிக்கிறது. இவ்விரு பிழைகளுக்கும் மூலம் ஒன்றே என்பதையும், சிகிச்சை எந்த அலகுக்குப் பகிரப்பட்டது என்பதே உரிய சோதனையைத் தீர்மானிக்கிறது என்பதையும் இக்கட்டுரை வரலாற்று வழியில் நிறுவுகிறது. 1908ஆம் ஆண்டின் உறக்க மருந்துத் தரவிலிருந்து தொடங்கி, சென்னைக் காசநோய் ஆய்வுகள், மதுரைக் கண் மருத்துவ ஆய்வுகள், திருச்சிராப்பள்ளி வைட்டமின் ஏ ஆய்வு ஆகியவற்றின் வழியாக இக்கருத்து விளக்கப்படுகிறது. இறுதியில், பட்டு நெசவு ஊராகிய ஆரணியில் மேற்கொள்ளத்தக்க நல ஆய்வு ஒன்றிற்கு இவ்வரலாறு தரும் நெறிகள் தொகுக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இணைத் தரவு, ஒட்டுறவு, மெக்நீமர் சோதனை, குழும ஒதுக்கீடு, கண் மருத்துவம், ஆரணி, நெசவாளர் நலம்.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலை நெசவால் அறியப்படும் ஊர். 1989ஆம் ஆண்டு வரை ஒன்றாயிருந்த வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இது விளங்கியது. இங்குத் தறி என்பது பெரும்பாலும் வீட்டின் ஒரு பகுதி. குழித்தறியில் ஒருவர் அமர்ந்து நெய்ய, தார் சுற்றுதல், அறுந்த இழையைப் பிணைத்தல் முதலிய வேலைகளைக் குடும்பத்தின் பிறர் செய்கின்றனர். நெய்பவரின் கண்கள் மெல்லிய பட்டிழையிலும் ஜரிகையிலும் நாள் முழுதும் ஊன்றியிருக்கின்றன. கால்கள் மிதிபலகைகளை மாறி மாறி மிதிக்கின்றன.

இத்தகைய ஊரில் நெசவாளரின் பார்வைக் குறைவையோ மணிக்கட்டு வலியையோ ஆராய முனைபவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி மருத்துவக் கேள்வியன்று, எண்ணிக்கைக் கேள்வியாகும். நூறு நெசவாளரைச் சோதித்தால் கிடைப்பவை நூறு தரவுகளா, இருநூறு கண்களா? ஒரே வீட்டில் நெய்யும் கணவனும் மனைவியும் இரு தனித் தரவுகளா, ஒரு குடும்பமா? இக்கேள்விக்குப் பிழையாக விடை கூறினால் அதன் பின்னர்ச் செய்யப்படும் கணக்கு எத்துணைத் துல்லியமாயினும் பயன்படாது. மருத்துவப் புள்ளியியல் இவ்விடையைக் கண்டடைந்த வழியும், அவ்வழியில் தமிழகத்தில் நிகழ்ந்த ஆய்வுகளும் பின்வருமாறு ஆராயப்படுகின்றன.

ஒட்டுறவின் இரு விளைவுகள்

இரு அளவீடுகள் சேர்ந்து உயர்ந்து சேர்ந்து தாழும் போக்கு ஒட்டுறவு எனப்படும். வலக்கண்ணில் புரை தோன்றிய முதியவரின் இடக்கண்ணிலும் புரை இருக்கும் வாய்ப்பு மிகுதி. இரண்டிற்கும் வயது, உணவு, மரபு ஆகியவை பொது. எனவே இரண்டாம் கண் தரும் செய்தியில் ஒரு பகுதி முதற்கண்ணே கூறிவிட்ட செய்தியாகும்.

இவ்வொட்டுறவு இரு எதிர்த்திசைகளில் செயல்படுகிறது. முதலாவதாக, ஒரு கண்ணுக்கு ஒரு மருந்தும் மறுகண்ணுக்கு வேறு மருந்தும் இட்டு ஒப்பிடும்போது, வேறுபாடு ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கணக்கிடப்படுகிறது. மனிதருக்கு மனிதர் உள்ள ஏற்றத்தாழ்வு இக்கழித்தலில் நீங்கிவிடுகிறது. இரு அளவீடுகளின் பரவற்படியும் சமமாயின், வேறுபாட்டின் பரவற்படி என்பது ஓர் அளவீட்டின் பரவற்படியை இரண்டாலும், ஒன்றிலிருந்து ஒட்டுறவுக் கெழுவைக் கழித்து வரும் எண்ணாலும் பெருக்கியதாகும். ஒட்டுறவு மிகும்தோறும் பிழை குறைகிறது. இங்கு ஒட்டுறவு ஆய்வாளருக்கு நண்பன்.

இரண்டாவதாக, ஒருவரின் இரு கண்களும் ஒரே சிகிச்சையைப் பெற, அவற்றைப் பிறிதொருவரின் இரு கண்களோடு ஒப்பிடும்போது நிலை தலைகீழாகிறது. இங்குச் சராசரியின் பரவற்படி, ஒன்றுடன் ஒட்டுறவுக் கெழுவைக் கூட்டி வரும் எண்ணின் மடங்காகப் பெருகுகிறது. நூறு பேரின் இருநூறு கண்களில் ஒட்டுறவுக் கெழு 0.6 எனக் கொண்டால், அவை 200ஐ 1.6ஆல் வகுத்து வரும் 125 தனிக் கண்களின் செய்தியையே தருகின்றன. இதனைக் கருதாது இருநூறு என்றே கணக்கிடுபவர் தம் முடிவின் உறுதியை மிகைப்படுத்துகிறார்.

ஆகவே ஒரே பண்பு ஒரு வடிவமைப்பில் துணையாகவும் மற்றொன்றில் இடராகவும் அமைகிறது. தரவுகளைப் பார்த்து மட்டும் உரிய சோதனையைத் தேர்ந்தெடுக்க இயலாது. அவை தோன்றிய முறையை அறிய வேண்டும்.

1908: பத்து நோயாளிகளின் உறக்கம்

இணைத் தரவுச் சோதனையின் முதற்பெரும் எடுத்துக்காட்டு மருத்துவத் தரவாகவே அமைந்தது. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பு நிறுவனத்தில் பணிபுரிந்த வில்லியம் சீலி கோசெட், 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் 1908ஆம் ஆண்டு 'பயோமெட்ரிகா' இதழில் வெளியிட்ட கட்டுரையில், குஷ்னி, பீபிள்ஸ் ஆகியோர் 1905ஆம் ஆண்டு வெளியிட்ட உறக்க மருந்து ஆய்வின் எண்களைப் பயன்படுத்தினார். பத்து நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் இரு மருந்துகளும் வெவ்வேறு காலங்களில் தரப்பட்டு, கூடுதலாக உறங்கிய நேரம் அளவிடப்பட்டிருந்தது.

முதல் மருந்தால் கூடிய உறக்கத்தின் சராசரி 0.75 மணி, இரண்டாவதால் கூடியது 2.33 மணி. இரு பத்துகளையும் இருபது வேறு மனிதரின் தரவுகளாக எண்ணிச் சோதித்தால் டி மதிப்பு 1.86 ஆகிறது. அதற்குரிய நிகழ்தகவு ஏறத்தாழ 0.08, வழக்கமான 5 விழுக்காட்டு எல்லையை அது எட்டுவதில்லை. ஒவ்வொரு நோயாளிக்குள்ளும் வேறுபாட்டைக் கணக்கிட்டால், சராசரி வேறுபாடு 1.58 மணி, அதன் திட்ட விலக்கம் 1.23, டி மதிப்பு 4.06, நிகழ்தகவு ஏறத்தாழ 0.003 ஆகிறது. எண்கள் மாறவில்லை. முதல் மருந்தில் நன்கு உறங்கியவர் இரண்டாம் மருந்திலும் நன்கு உறங்கினார் என்னும் செய்தி கணக்கில் சேர்ந்ததே முடிவை மாற்றியது. இணையை இழப்பது உண்மையை இழப்பதற்குச் சமம் என்பதற்கு இத்தரவு இன்றும் வகுப்பறைச் சான்றாக விளங்குகிறது.

வேறுபாடுகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றாத இடங்களுக்கென ஃபிராங்க் வில்காக்ஸன் 1945ஆம் ஆண்டு தர வரிசையின் அடிப்படையிலான சோதனையை அளித்தார். உளவியல் அறிஞர் குயின் மெக்நீமர் 1947ஆம் ஆண்டு 'உண்டு, இல்லை' என்னும் இருவகை விடைகளைக் கொண்ட இணைகளுக்கான சோதனையை வகுத்தார். இரு அளவீட்டிலும் ஒரே விடை தந்த இணைகள் வேறுபாட்டைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. விடை மாறிய இணைகளே சான்றாகும் என்பது மெக்நீமரின் கருத்து. வில்லியம் காக்ரன் 1950ஆம் ஆண்டு இதனை இரண்டிற்கு மேற்பட்ட அளவீடுகளுக்கு விரித்தார்.

சென்னை: குடும்பமும் தோல் சோதனையும்

இக்கருவிகள் உருப்பெற்ற காலத்தை ஒட்டியே தமிழகத்தில் ஒட்டுறவுத் தரவுகளைப் பெருமளவில் ஈட்டிய ஆய்வுகள் தொடங்கின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் இதன் தொடக்க ஆய்வுகளுக்கு வழிகாட்டினார். காசநோயாளிகளைச் சானடோரியத்தில் தங்கவைத்து மருந்து தருவதும், வீட்டிலேயே வைத்து அதே மருந்தைத் தருவதும் சமவாய்ப்பு ஒதுக்கீட்டின் வழி ஒப்பிடப்பட்டன. வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை என்னும் முடிவு 1959ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவன இதழில் வெளிவந்தது.

ஆயினும் பொதுமக்கள் நலன் நோக்கில் மற்றொரு கேள்வி எஞ்சியிருந்தது. நோயாளியை வீட்டில் வைத்திருப்பதால் மனைவி மக்களுக்கு நோய் தொற்றுகிறதா? இதற்கு விடை காண நோயாளிகளின் நெருங்கிய குடும்பத்தினர் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அதன் முடிவுகள் 1960ஆம் ஆண்டிலும், ஐந்தாண்டுத் தொடர்ச்சி 1966ஆம் ஆண்டிலும் வெளியாயின. நோயாளியைத் தனிமைப்படுத்தாமையால் குடும்பத்தினருக்குக் கூடுதல் இடர் விளையவில்லை என்பதே கண்டறியப்பட்டது. படுக்கைகள் அரிதாயிருந்த நாட்டில் இலட்சக்கணக்கானோர் வீட்டிலேயே சிகிச்சை பெற இம்முடிவு வழிவகுத்தது.

புள்ளியியல் நோக்கில் இக்கேள்வியின் வடிவம் குறிப்பிடத்தக்கது. வீடா, சானடோரியமா என ஒதுக்கப்பட்டவர் நோயாளி. தொற்று எண்ணப்பட்டதோ குடும்ப உறுப்பினர்களிடம். ஒரு வீட்டின் ஐந்து பேர் ஒரே நோயாளியோடு, ஒரே அறையில், ஒரே உணவை உண்டு வாழ்பவர்கள். ஒதுக்கீட்டின் அலகு வேறு, எண்ணிக்கையின் அலகு வேறு என்னும் சிக்கல் இரு கண்களின் சிக்கலோடு ஒத்ததே. இணைக்குப் பதிலாகக் குடும்பம் நிற்கிறது.

இதற்கு மாறாக, ஒட்டுறவு துணையாக நின்ற இடம் செங்கற்பட்டு பி.சி.ஜி. ஆய்வாகும். ஏறத்தாழ 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதியில் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்வாய்வில், ஒரே நபருக்கு இரு வகைத் தோல் சோதனைகள் செய்யப்பட்டன. ஒன்று காசநோய்க் கிருமியிலிருந்து பெற்ற டியூபர்குலின். மற்றொன்று சுற்றுச்சூழலில் வாழும் உறவுக் கிருமியிலிருந்து பெறப்பட்டது. சூழற்கிருமியின் தாக்கம் பரவலாக உள்ள பகுதியில், ஒரு வீக்கத்தின் அளவை மட்டும் கொண்டு காசநோய்த் தொற்றை உறுதி செய்ய இயலாது. ஒரே உடலில் இரு வீக்கங்களையும் ஒப்பிடும்போது மனிதருக்கு மனிதர் மாறும் எதிர்வினைத் திறன் இரண்டிற்கும் பொதுவாகி விடுகிறது. குடும்ப ஆய்வில் இடராக இருந்த ஒட்டுறவு இங்கு ஒப்பீட்டைக் கூர்மைப்படுத்தும் கருவியாயிற்று. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999ஆம் ஆண்டு வெளிவந்தபோது, வயது வந்தோரின் தொற்றும் வகை நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது உறுதியாயிற்று.

கண்களை எண்ணுவதா, மனிதரை எண்ணுவதா

கண் மருத்துவத்தில் இச்சிக்கல் வெளிப்படையாகப் பேசப்பட்டது 1973ஆம் ஆண்டில். ஃபிரெட் எடரர், எண்ண வேண்டியவை கண்களா நோயாளிகளா என்னும் கேள்வியையே தலைப்பாக்கி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பெர்னார்டு ரோஸ்னர் 1982ஆம் ஆண்டு 'பயோமெட்ரிக்ஸ்' இதழில் இரு கண்களுக்கிடையிலான ஒட்டுறவைக் கணக்கில் கொள்ளும் முறையை முன்வைத்தார். அதே ஆண்டு லேர்டு, வேர் ஆகியோர் ஒவ்வொரு நபருக்கும் உரிய தனி விளைவைச் சேர்க்கும் மாதிரியை வழங்கினர். 1986ஆம் ஆண்டு லியாங், ஸெகர் ஆகியோர் வகுத்த பொதுமைப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுச் சமன்பாடுகள், ஒட்டுறவின் வடிவம் துல்லியமாக அறியப்படாத நிலையிலும் நம்பத்தகுந்த திட்டப்பிழையைப் பெற வழி செய்தன.

மற்றொரு தீர்வு மிக எளியது. ஒரு நபரிடமிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது. இதில் பிழை நேராது. ஆனால் இரண்டாம் கண்ணின் செய்தி வீணாகிறது. எந்தக் கண் என்பதை முடிவுகளைப் பார்த்தபின் தேர்ந்தெடுப்பின் ஒருதலைச் சாய்வு புகுந்துவிடும். ஆகவே அத்தேர்வு முன்னரே வரையறுக்கப்பட வேண்டும்.

மதுரையில் 1976ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்ணையும் மனிதரையும் வேறுபடுத்தி நோக்கும் ஆய்வுகளுக்குக் களமாயிற்று. 1998ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வில், இரு கண்களிலும் புரையால் பார்வை இழந்த 3,400 பேர் இரு அறுவை முறைகளுக்குச் சமவாய்ப்பில் ஒதுக்கப்பட்டனர். ஒன்று, லென்ஸை முழுதும் நீக்கித் தடித்த கண்ணாடி தரும் பழைய முறை. மற்றொன்று, உள்ளே செயற்கை லென்ஸ் பொருத்தும் முறை. பார்வைக் கூர்மை அறுவை செய்யப்பட்ட கண்ணுக்கு அளவிடப்பட்டது. அன்றாட வாழ்வில் பார்வையின் பயனும் வாழ்க்கைத் தரமும் மனிதரிடம் அளவிடப்பட்டன. கூர்மை ஒரு கண்ணின் பண்பு. வயலுக்குத் தனியே நடந்து செல்வது மனிதரின் திறன். அலகைத் தெளிவாகப் பிரித்தமையால் இரு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை கிடைத்தது.

தமிழகத்தின் தென் மாவட்டங்கள் மூன்றில் 50 குழுமங்களிலிருந்து 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்த அரவிந்த் விரிவான கண் கணக்கெடுப்பில் சார்பு இரு அடுக்குகளில் அமைகிறது. கண்கள் மனிதருக்குள்ளும், மனிதர் ஊருக்குள்ளும் அடங்குகின்றனர்.

இணையிலிருந்து குழுமத்திற்கு

இரண்டு உறுப்புகளைக் கொண்ட மிகச் சிறிய குழுமமே இணை. உறுப்புகள் பெருகும்போது இடரும் பெருகுகிறது. சராசரியின் பரவற்படி பெருகும் மடங்கு, குழும உறுப்புகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, ஒட்டுறவுக் கெழுவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் கிடைக்கிறது. ஒட்டுறவு 0.02 என்னும் அளவுக்குச் சிறிதாயினும், 76 பேர் கொண்ட குழுமத்தில் இம்மடங்கு 2.5 ஆகிவிடும். குழுமமாக ஒதுக்கிவிட்டுத் தனி மனிதராகப் பகுப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும் என ஜெரோம் கார்ன்ஃபீல்டு 1978ஆம் ஆண்டு எச்சரித்தார்.

1990ஆம் ஆண்டு லட்சுமி ரஹமத்துல்லா குழுவினர் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி ஆய்வு இங்குக் கருதத்தக்கது. பள்ளிப் பருவத்திற்கு முந்தைய 15,419 குழந்தைகள் சிறு குழுமங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிய அளவு வைட்டமின் ஏ தரப்பட்டது. அப்பகுதியினரிடம் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது; ஒப்பீட்டு இடரின் 95 விழுக்காட்டு நம்பக எல்லைகள் 0.30, 0.71. அதே ஆண்டு ஐதராபாத் ஆய்வாளர்கள் 15,775 குழந்தைகளிடம் ஆறு மாதத்திற்கொரு முறை பெரிய அளவைத் தந்து செய்த ஆய்வில் வேறுபாடு காணப்படவில்லை. மருந்தளவின் இடைவெளி வேறு, ஊர்களின் நிலை வேறு. இத்தகைய முரண்பட்ட முடிவுகளை எடைபோடும்போது நம்பக எல்லைகளின் அகலமே நடுவராகிறது. அவ்வகலம் குழும ஒட்டுறவைச் சேர்த்துக் கணக்கிடப்பட்டதா என்பது அதனால் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய கேள்வியாகிறது.

ஆரணித் தறிக்குரிய நெறிகள்

மேற்கண்ட வரலாறு ஆரணியில் ஓர் ஆய்வை வடிவமைப்பவருக்கு நேரடியாகப் பயன்படும். நெசவாளரின் உடலிலேயே இருவகைச் சார்பும் அமைந்துள்ளன.

முதலாவது, கைகள். கயிறு இழுத்து நாடா ஓட்டும் தறியில் ஒரு கை கயிற்றை இழுக்க, மறுகை அச்சுப் பலகையை இழுத்து ஊடையை நெருக்குகிறது. இரு கைகளின் உழைப்பு வேறு, உடல் ஒன்று. எனவே இது இயல்பாய் அமைந்த இணை ஒப்பீடாகும். விளக்கத்திற்காக நூறு நெசவாளரைக் கற்பனையாகக் கொள்வோம். இரு மணிக்கட்டிலும் வலி உடையோர் 36, வலப்புறம் மட்டும் 18, இடப்புறம் மட்டும் 5, வலி இல்லாதோர் 41 என்க. வலப்புற வலி 54, இடப்புற வலி 41. இவற்றை இரு தனிக் குழுக்களாகச் சோதித்தால் கை வர்க்க மதிப்பு 3.39, 5 விழுக்காட்டு எல்லையாகிய 3.84ஐ அது எட்டவில்லை. மெக்நீமர் முறையில் விடை மாறிய 23 பேரை மட்டும் கொண்டு கணக்கிட்டால், 13இன் வர்க்கத்தை 23ஆல் வகுத்து 7.35 கிடைக்கிறது. முதற்கணக்கைச் செய்பவர் தறியின் கைப்பிடியை மாற்றியமைக்கத் தேவையில்லை என்பார். இரண்டாவதைச் செய்பவர் தேவை என்பார்.

இரண்டாவது, கண்கள். இரு கண்களும் ஒரே இழையை, ஒரே விளக்கொளியில் நோக்குகின்றன. நெசவாளரையும் நெசவு செய்யாதோரையும் ஒப்பிடும் ஆய்வில் இவை ஒரே பக்கத்தில் நிற்கின்றன. இங்கு இருநூறு கண்கள் என எண்ணுவது நெசவின் மீது இல்லாத பழியைச் சுமத்தக்கூடும். மனிதரை அலகாகக் கொள்ளுதல், அன்றி ஒட்டுறவைச் சேர்க்கும் மாதிரியைப் பயன்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, தறி வீடு. கணவன், மனைவி, முதிய பெற்றோர் ஆகியோர் ஒரே அறையின் வெளிச்சத்தையும் தூசியையும் பகிர்கின்றனர். விளக்கை மாற்றியமைக்கும் முயற்சி வீட்டிற்கே செய்யப்படும். ஆதலின் ஒதுக்கீடும் பகுப்பும் வீட்டை அலகாகக் கொள்ள வேண்டும். சென்னைக் குடும்ப ஆய்வு எழுப்பிய கேள்வி இதுவே.

நான்காவது, முன்னும் பின்னும். கண்ணாடி வழங்கும் முகாமிற்கு முன்பும் பின்பும் நெசவாளரின் நாள் உற்பத்தியை அளப்பது இணைத் தரவே. ஆயினும் முகூர்த்த மாதங்களில் சேலைத் தேவை உயர்வதால் உற்பத்தியும் உயரும். இணைச் சோதனை இம்மாற்றத்தைக் கண்ணாடியின் பயனாகவே காட்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாத குறையை எந்தச் சோதனையும் ஈடுசெய்யாது.

முடிவுரை

உறக்க மருந்து பெற்ற பத்து நோயாளிகளிலிருந்து தமிழகத்தின் குடும்பங்களும் ஊர்களும் வரை இவ்வரலாற்றில் மீளமீளத் தோன்றும் கேள்வி ஒன்றே. சிகிச்சையோ இடரோ எந்த அலகைச் சென்றடைந்தது. எந்த அலகில் விளைவு எண்ணப்பட்டது? ஒரே அலகுக்குள் இரு நிலைகளும் ஒப்பிடப்படின் ஒட்டுறவைப் பயன்படுத்த வேண்டும். அலகு முழுவதும் ஒரே நிலையில் இருப்பின் ஒட்டுறவுக்காக உறுதியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கணினி நிரல்கள் சோதனைகளை நொடியில் செய்து தருகின்றன; ஆனால் இரு எண்கள் ஒரே உடலிலிருந்து வந்தவை என்பதை ஆய்வாளரே அவற்றிற்குச் சொல்ல வேண்டியுள்ளது. ஆகவே களத்தில் திரட்டும் பதிவேட்டில் வீட்டிற்கு ஓர் எண், மனிதருக்கு ஓர் எண், வலம் இடம் என்னும் குறி ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே இடம்பெறுதல் இன்றியமையாதது. இவை விடுபட்டுவிட்டால் பின்னர் எந்தச் சமன்பாட்டாலும் அவற்றை மீட்க இயலாது. ஆரணியின் குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் மணிக்கட்டு வலி உண்மையானதா, தற்செயலானதா என்பதற்குரிய விடையும் அம்மூன்று குறிப்புகளைச் சார்ந்தே அமையும்.